மாட்டுக்கால் யானை

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கல் யானை படுத்திருக்கிறது. முன்பக்கம் யானை. பின்பக்கம் மாடு. புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

அது வந்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். மயிலாடியில் அப்பாவுக்குக் கல்பட்டறை. சித்தப்பாவுக்கும் அங்கேதான் வேலை. ஆனால் அவருக்கு அம்மியும் ஆட்டுரலும்தான் கொடுப்பார் அப்பா. எப்போதாவது ஒரு நந்தி. மற்றபடி சிலை என்றால் அப்பா கைதான் படவேண்டும். சித்தப்பாவுக்கு அது பெரிய குறை.

துபாயிலிருந்து வந்த ஒருவர் புதுவீடு கட்டினார். வாசலில் வைக்கப் படுத்த யானை ஒன்று கேட்டார். அப்பா ஒரு சிலையை நிறுத்தக் கேரளாவுக்குப் போகவேண்டியிருந்தது. போகும்போது சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"ஆனைய நீ செய்யி. ஒழுங்கா வந்தா இனி செல வேல ஒனக்கு. இல்லன்னா காலம் முச்சூடும் அம்மிதாம்ல."

சித்தப்பா சாமி கும்பிட்டுவிட்டு உளியை எடுத்தார். தலை, தும்பிக்கை, காது எல்லாம் நன்றாக வந்தன. கோயில் தூண்களில் பார்த்துப் பார்த்துப் பழகியது. பின்னங்காலில் வந்து நின்றுவிட்டார். தூணில் இருப்பதெல்லாம் நிற்கிற யானை. படுத்தால் கால் எங்கே போகும் என்று தூண் சொல்லவில்லை.

தொழுவத்தில் எங்கள் பசு படுத்திருந்தது. சித்தப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்து மடங்கிய காலைத் தரையில் சாக்பீசால் வரைந்தார். பசுவுக்கு ஜாதகம் எழுதுகிறாயா தம்பி என்று அம்மா கேட்டாள். நாலு கால் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே மடக்குதான் மைனி என்றார் சித்தப்பா.

யானை முடிந்தது. துபாய்க்காரரும் மனைவியும் பார்க்க வந்தார்கள். அவர் தும்பிக்கையைத் தடவி, கொள்ளாம், நல்லாருக்கு என்றார். அந்த அம்மாள் குலசேகரம் பக்கம். பிறந்த வீட்டில் மரத்தடி இழுக்க யானை வைத்திருந்தார்களாம். அவள் தும்பிக்கையைப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போனாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இது பால் கறக்குமா?"

சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. யானைக்குக் கால் வயிற்றுக்கடியில் முன்னால் மடங்காது, பின்னால்தான் நீளும் என்றாள் அந்த அம்மாள். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இதை வாசலில் வைத்தால் தன் வீட்டு ஆட்கள் சிரித்தே செத்துப்போவார்கள் என்றாள். வேறு யானை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா வந்தார். நான் கல் மறைவில் ஒளிந்துகொண்டேன். உளி மொண்ணையாக இருந்தாலே ஊர் கேட்கத் திட்டுகிறவர். சித்தப்பா நடந்ததைச் சொன்னார். அப்பா யானையைச் சுற்றி வந்தார். பின்பக்கம் வந்ததும் நின்றார். பீடி பற்றவைத்தார்.

பிறகு வேட்டியை மடித்துக்கட்டி முற்றத்தில் நாலு காலில் நின்றார். என் காலை மடக்கிப் பார் என்றார். சித்தப்பா பாதத்தைப் பிடித்து வயிற்றுக்கடியில் முன்னால் தள்ளினார். அப்பா ஒருக்களித்து விழுந்தார். பால் செம்போடு வந்த அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். சிரிப்பு வெளியே கேட்டது.

நேரில் பார்த்துவிடலாம் என்று அப்பா சொன்னார். ஒரு கோயில் திருவிழாவுக்கு யானை வந்திருந்தது. மறுநாள் மூன்று பேரும் வடசேரி பஸ்ஸில் ஏறினோம். வழியில் ஒரு கல்யாண மண்டபம் வரும். அதன் பக்கம் வந்ததும் அப்பா ஜன்னல் ஷட்டரை இறக்கினார். வெயில் என்றார். வானம் மூடிக்கிடந்தது.

யானை நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா ஒரு பழக்குலை வாங்கிக் கொடுத்தார். தின்றுவிட்டு நின்றது. அதற்குத் தோன்றினால்தான் படுக்கும் என்றார் பாகன். சித்தப்பா அதன் முன்னால் தானே உட்கார்ந்து காட்டினார். யானை அவரைப் பார்த்தது. உட்காரவில்லை.

மத்தியானம் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே படுத்தது. தண்ணீருக்குள். முதுகு மட்டும் தெரிந்தது. கையால் தடவிப் பார்க்கலாம் என்று சித்தப்பா நெஞ்சுத் தண்ணீர் வரை இறங்கினார். பாகன் போட்ட சத்தத்தில் திரும்பி வந்தார்.

யானை கரையேறியது. தேய்த்துவிடுவதற்காகப் பாகன் ஒரு தட்டு தட்டினார். பின்னங்கால் இரண்டும் மெல்ல மடங்கின. முட்டு தரையில். உள்ளங்கால் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த நிலை.

"சித்தப்பா, ஆனை முட்டங்கால் போடுகு. டீச்சர் என்னயப் போடச் சொல்லுவால்லா, அது மாதிரி."

சித்தப்பா என் காலைப் பார்த்தார், யானையின் காலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் தொழுவத்துக்குப் போனார். பசுவின் பின்னங்காலைக் குளம்பிலிருந்து மேலே மேலே தடவிக்கொண்டே போனார்.

"அண்ணே, நாம முட்டுன்னு நெனச்சது முட்டு இல்ல. குதிகாலாக்கும். முட்டு மேல வயித்துகிட்ட கெடக்கு. பொறந்ததுல இருந்து இது எக்கிதான் நிக்கி."

சொல்லி முடிப்பதற்குள் பசு உதைத்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஒதச்சது எதுவாக்கும் தம்பி? முட்டா, குதிகாலா?"

மறுநாள் காலையில் சித்தப்பா யாரும் சொல்லாமலே ஒரு அம்மிக்கல்லை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்பா ஆளைவைத்துப் பெரிய கல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அம்மியை வைத்துவிட்டு யானையைச் செய் என்றார். அவ்வளவுதான்.

இந்தத் தடவை பின்னங்காலுக்கு நான் முட்டங்கால் போட்டேன். பகலில் பள்ளிக்கூடத்தில் போடுவேன். சாயங்காலம் பட்டறையில் போடுவேன். கணுக்கால் எங்கே திரும்புகிறது, பாதம் எப்படிக் கிடக்கிறது என்று சித்தப்பா சணலால் அளப்பார். அசைந்தால் ஏட்டி என்பார். நான் படித்தது குறைவு. முட்டங்கால் போட்டது வீண்போகவில்லை.

குலசேகரத்து அம்மாள் நேரே பின்பக்கம்தான் போனாள். கொஞ்சம் நின்றாள். வண்டி கொண்டுவரச் சொன்னாள். அந்த யானைக்கு இன்றைக்கும் என்னுடைய எட்டு வயதுக் குதிகால்தான். அதன்பிறகு சித்தப்பா அம்மி கொத்தவில்லை.

பழைய யானையை உடைக்கச் சித்தப்பா சம்மட்டி எடுத்தார். அப்பா விடவில்லை. கெடக்கட்டும்ல என்று சொல்லி வீட்டு வாசலில் வைத்தார். தன்னை மட்டம் தட்டத்தான் என்று சித்தப்பா வருஷக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வடசேரி வழியில் உள்ள அந்த மண்டபத்தைத்தான் பிடித்தார்கள். வேறு மண்டபம் பார்க்கலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை.

காரை விட்டு இறங்கினேன். படிக்கு இரண்டு பக்கமும் கல் யானைகள் படுத்திருந்தன. பழைய வேலை. தும்பிக்கைச் சுழியைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது. என் பின்னால் வந்த சித்தப்பாவும் நின்றுவிட்டார். அப்பா எங்களைப் பார்க்காமல் வேகமாக மண்டபத்துக்குள் போனார்.

மாலையோடு பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.

இரண்டும் பால் கறக்கும்.