ஒட்டியிருக்கும் என்று நான் சொன்னேன்

என் அண்ணனுக்கு இடதுகால் செருப்பு எப்போதும் வலதுகால் செருப்புக்கு முன்பே தேய்ந்துவிடும். கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை இருபது வருடம் ஓட்டியவர். மலைப்பாதை வளைவுகளில் கிளட்சை மிதித்து மிதித்து, முன்பாதம் படுகிற இடத்தில் ரப்பர் காகிதம் போல ஆகிவிடும். ஒற்றைச் செருப்பு விற்கிற கடை ஒன்று இருந்தால் நம் வீட்டை நம்பியே பிழைத்துக்கொள்ளும் என்று அம்மா கேலி செய்வாள். அப்பா இல்லாத வீட்டில் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்த இடதுகால்தான்.

படித்து முடித்துச் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். குருத்தெலும்பு செல்களை வளர்ப்பது என் வேலை. மூட்டுக்குள் எலும்புகள் உரசாமல் வழுக்கிப்போக உதவும் அந்த வெள்ளைப் பூச்சுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. பெயர்ந்தால் தானாக ஆறுவதும் இல்லை. செல்களை எடுத்து வெளியே வளர்த்துத் திரும்ப வைக்கலாம். வைத்தால் சுற்றியிருக்கிற பழைய திசுவை அவை பற்றிக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி. கறிக்கடையிலிருந்து வாங்கிவந்த மாட்டு மூட்டில் வட்டமாகத் துளையிட்டு, அதில் செல்களை வைத்து, வளர்ச்சிக் காரணி என்கிற புரதத்தை அளந்து அளந்து கொடுப்போம். கொடுக்கும் அளவையும் நேரத்தையும் பொறுத்துச் சில சமயம் அவை ஓரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் கொழுகொழுவென்று பெருகிவிட்டு, ஓரத்தைக் கண்டுகொள்ளாமல் தனியே கிடக்கும். வளர்வது வேறு, ஒட்டுவது வேறு என்று எத்தனையோ கூட்டங்களில் விளக்கியிருக்கிறேன்.

ஒரு மழைநாளில் சேற்றில் சிக்கிய ஜீப்பைத் தள்ளப்போய் அண்ணனின் இடது முழங்கால் திருகிக்கொண்டது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குருத்தெலும்பு பெயர்ந்திருந்தது. மதுரைக்கு நான்தான் அழைத்துப்போனேன். அவருடைய செல்களையே எடுத்து வளர்த்து, மறுபடி உள்ளே வைத்தார்கள். "எங்காலுக்குள்ள நாத்துப் பாவி நட்டு வச்சிருக்காக" என்று ஜீப் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். தான் சரி என்று சொல்லும்வரை காலை மடக்கித் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான்காவது மாதம் என் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தள்ளிப்போட்டிருக்கலாம். என் கணவரின் விடுமுறை, மாமியாரின் அவசரம், எதையோ காரணம் காட்டி நான் தள்ளிப்போடவில்லை. வருசநாட்டுப் பக்கம் குலதெய்வக் கோவில். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இருத்திக்கொண்ட பிறகுதான் ஆசாரி கம்பியைக் கையில் எடுப்பார். மாமனால் முடியாவிட்டால் எங்கள் பெரியப்பா மகன் உட்காருவான். கூடப்பிறந்த அண்ணன் இருந்தும் உட்காரவில்லை என்கிற பேச்சு வருடக்கணக்கில் ஓடும். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். மாமியார் வீட்டுப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஆத்தா, இந்நேரம் ஒட்டியிருக்கும்ல?"

அவர் தங்கையிடம் கேட்கவில்லை, விவரம் தெரிந்தவளிடம் கேட்டார். மூன்றே வாரத்தில் செல்கள் ஓரத்தைப் பற்றிக்கொள்வதை என் கண்ணாலேயே பார்த்த திமிர் எனக்கு இருந்தது. என் ஆய்வகத் தட்டுகளின் மேல் யாரும் உட்காரவில்லை, எந்தப் பிள்ளையும் காலை உதைத்து அழவில்லை. அது எனக்குத் தெரியாதா என்ன. என் மகளுக்கு என் அண்ணன் மடிதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தது. ஒட்டியிருக்கும், கொஞ்ச நேரந்தானே என்றேன்.

"நீ சொன்னாச் சரிதேன்" என்று நாற்காலியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

மகள் திமிறினாள். இரண்டாவது காதுக்கு இன்னும் அதிகமாகத் திமிறினாள். அண்ணன் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லிச் சிரிக்கவைத்தார். எழுந்திருக்கப் பார்த்தபோது முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். கால் மரத்துப்போச்சு என்று எல்லோரிடமும் சொன்னார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பந்தியில் கிடாக்கறி பரிமாறிக்கொண்டிருந்தார்கள், நானும் சாப்பிட்டேன்.

மறுபடி படம் எடுத்தபோது ஓரம் விட்டிருந்தது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் காலால் மலையேற்றத்தில் கிளட்சை மிதிக்க முடியவில்லை. ஜீப் வேறொருவர் கைக்குப் போனது. அண்ணன் கம்பத்து ஸ்டாண்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தோட்டத்துக்கு என்று ஆட்களைக் கூப்பிட்டு அனுப்புகிறவர் ஆனார். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போவேன். வலிக்குத் தைலம் வாங்கிப்போவேன். அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டேன். அவரும் எடுத்ததில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன்.

போன தை மாதம் நெஞ்சுவலியில் அண்ணன் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் அண்ணியும் நானும் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தோம். அவருடைய ஆஸ்பத்திரிக் கோப்பு கிடைத்தது. இரண்டாம் முறை போனபோது எழுதிய தாளில், எப்படி நேர்ந்தது என்பதற்கு நேராக, வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று இருந்தது. அண்ணியைப் பார்த்தேன்.

"ஒங்க அண்ணந்தேன் அப்பிடிச் சொன்னாக. உம் பேரு தெரிஞ்சா டாக்டர் உன் படிப்ப ஒரு சொல்லு சொல்லிப்புடுவாருன்னு, பஸ்ஸுல போகையிலேயே என்னையவும் வாய தொறக்கக் கூடாதுன்னுட்டாக."

எங்கள் ஆய்வகத்தில் பிடிப்பு விட்டால் காரணத்தை உள்ளபடி எழுத வேண்டும். பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப்போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்த்தா. அவுக சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்" என்று தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டாள்.

அங்கே எழுத விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். என் அண்ணன் எங்கேயும் வழுக்கி விழவில்லை. உட்காரச் சொன்னவள் நான்.