தஞ்சோங் பகாரில் மீ கோரெங்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு இப்போது ரயில் வருவதில்லை. பழைய கட்டடத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே எம்ஆர்டி மெட்ரோவுக்கு நிலையம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்கள் சித்திக்கு வந்த சம்பந்தம் ஒன்று அங்கேதான் கைநழுவிப் போனது. அந்தப் பெருமை என்னைத்தான் சேரும்.

அப்போது எனக்கு ஆறு வயது. சித்தி எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில் இருந்தாள். பகலில் ஜூரோங்கில் அலுவலக வேலை, மாலையில் டிப்ளோமா வகுப்பு. அதற்கு முன் இரண்டு மாப்பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, வேண்டாம் என்று தரகரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் "என்னாச்சு?" என்று கேட்டே அம்மாவின் மானத்தை வாங்கிவிட்டார்கள். அதனால் மூன்றாவது ஆளை ரயில் நிலையத்தில் வைத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அவர்கள் மலேசியாவில் குளுவாங்காரர்கள். தேக்கா கடைத்தெருவில் துணிமணி வாங்கிவிட்டு ரயிலில் ஊர் திரும்புவார்கள். நாங்கள் அங்குள்ள சாப்பாட்டுக் கடைக்குத் தற்செயலாகப் போனதுபோல் இருக்க வேண்டும். தட்டிப்போனாலும் யாருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு படிப்பும் வேலையும் கூடாது என்று அவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள்.

"படிப்பு எங்கடி ஓடிடப் போவுது?" என்றாள் அம்மா.

சித்தி புடவைக்குப் பின் குத்திக்கொண்டாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

கிளம்பும்போது அம்மா என் கன்னத்தைப் பிடித்தாள். "யார் கேட்டாலும் சாப்பிட வந்தோம்னுதான் சொல்லணும். வேற எதுக்கும் வாயத் தொறக்கக் கூடாது, புரியுதா?"

நன்றாகவே புரிந்தது.

நிலையத்தில் அப்பா மீ கோரெங் நூடுல்ஸ் வாங்க வரிசையில் நின்றார். அம்மா வாசலுக்குப் போய் நோட்டம் விட்டாள். சித்தி எனக்குப் பின்னால் இருந்த குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் என்னிடம் குனிந்தார்.

"பாப்பா, நீங்க குவீன்ஸ்டவுன்தானே? எங்களப் பாக்கத்தானே வந்திருக்கீங்க?"

"இல்ல ஆன்ட்டி. மீ கோரெங் சாப்பிட வந்தோம்."

"யாரையும் பாக்க வரலியா?"

"சாப்பிட மட்டும்தான் லா."

குழாய்ச் சத்தம் நின்றது. சித்தி திரும்பவில்லை. அந்த அம்மாள் பாவம், சற்று நேரம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் ஆட்களோடு நிலையத்திலேயே இருந்த மலேசியக் குடிநுழைவுச் சோதனை வாசலுக்குள் போய்விட்டார். அதைத் தாண்டியவர்களைத் திரும்ப வெளியே விடமாட்டார்கள்.

ரயில் கிளம்பிய பிறகு தரகரின் போன் வந்தது. வரச்சொல்லிவிட்டு ஏமாற்றியவர்கள் வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். "யாரும் வரவே இல்லையே!" என்று அம்மா தலையில் கை வைத்தாள். நான்தான் நடந்ததை எடுத்துச் சொன்னேன். பாராட்டை எதிர்பார்த்த இடத்தில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்து அம்மாவின் புலம்பல் ஓயவில்லை. என் பக்கத்தில் சித்தி முந்தானையில் முகம் புதைத்திருந்தாள். தோள்கள் குலுங்கின. எனக்கு மனசு தாங்கவில்லை. அவள் முதுகைத் தடவி, "அழாதீங்க சித்தி, அடுத்த ரயில்ல வருவாங்க" என்றேன்.

அவள் களுக்கென்று வந்த சத்தத்தை அடக்க முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். தோள்கள் இன்னும் பலமாகக் குலுங்கின. எவ்வளவு துக்கம் பாவம் என்று நினைத்து, நானும் அழ ஆரம்பித்தேன்.