வதந்திக்கு வழிவிடாத ஸ்டெல்லா

குரங்கணியில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. போடியில் ஏலக்காய்க் கடை நடத்திய ஸ்டெல்லாவின் தம்பி பேசினான். "அண்ணே, அக்கா காலையில போயிட்டாண்ணே. இதயம் தாங்கலைன்னு டாக்டர் சொல்றாரு." காயப்போட்டதை அப்படியே விட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போடிக்குக் கிளம்பினேன்.

நம் தலசீமியா வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு ஸ்டெல்லாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தலசீமியா மரபணு வழியாகப் பிறப்பிலேயே வரும் நோய். உடல் தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாக உண்டாக்காது. பிறர் ரத்தத்தை மாதம் தவறாமல் ஏற்றிக்கொண்டுதான் வாழ வேண்டும். ஸ்டெல்லா அப்படி வாழ்ந்தே நாற்பதை நெருங்கினாள். அப்பாவுக்குப் பிறகு கடையையும் அவளே பார்த்தாள். அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் சிலர் "பாவம், நோயாளிப் பொண்ணு" என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

என் மகளுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் நான் இணையத்தில்தான் தேடினேன். இப்படிப்பட்ட குழந்தைகள் அதிக நாள் இருப்பதில்லை என்று எங்கோ எழுதியிருந்தது. யாரோ சொல்லி ஸ்டெல்லாவின் கடைக்குப் போனேன். போனை வாங்கிப் படித்தாள். "இதை எந்தக் காலத்துல எழுதுனான்னு பாத்தீங்களாண்ணே? நான் உங்க முன்னாடி உக்காந்து ஏலக்கா தரம் பிரிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம எழுதிட்டான்" என்று சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

கொரோனா வந்தது. பஸ் நின்றது. ரத்தம் கொடுக்க வருபவர்களும் குறைந்துபோனார்கள். போனில் செய்திகள் மட்டும் குறையவில்லை. ஊரில் செல்வாக்கான ஒரு வியாபாரி தானே பேசி ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அடுத்தவர் ரத்தத்தில் கொரோனா வந்துவிடும், ரத்தம் ஏற்றுவதை நிறுத்திவிட்டு இரும்புச்சத்து டானிக் குடித்தால் போதும் என்றார். நம் பிள்ளைகளுக்கு அது விஷம். ஏற்றுகிற ரத்தத்திலிருந்தே இரும்பு மிஞ்சி இதயத்திலும் ஈரலிலும் தங்குகிறது. அதை வெளியேற்றத்தான் மாத்திரையே சாப்பிடுகிறோம்.

ஸ்டெல்லா மதுரையில் இருந்த தன் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, குழுவில் குரல்பதிவு போட்டாள். "அந்த வீடியோ சொல்றது தப்பு. டானிக்கு வாங்குனவங்க கீழ ஊத்திருங்க. ரத்தம் ஏத்துறதை யாரும் நிறுத்தாதீங்க. சந்தேகம்னா எனக்குப் போன் அடிங்க, டாக்டர்கிட்டயே பேச வைக்கிறேன்."

பதிவு ஊரெல்லாம் பரவிவிட்டது. வியாபாரி கடைக்கே வந்தார். நான் ஜீப்பிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நல்லதுக்குத்தானே சொன்னேன்? அதை எடுத்துரு."

"உங்க மனசு நல்லதுதான் சித்தப்பா. சொன்னது தப்பு. முதல்ல உங்க வீடியோவ எடுங்க."

"நான் ஒரு வார்த்தை சொன்னா உன் கடைக்கு எவனும் வர மாட்டான்."

"வராட்டிப் போறாங்க. புள்ளைக இருக்கணும்ல?"

அந்தப் பருவம் முழுக்க அவருடைய ஆட்கள் அவளிடம் சரக்கு எடுக்கவில்லை. பதிவை அவள் நீக்கவும் இல்லை.

தேவாரத்தில் விவசாயக் கூலி வேலை பார்த்த பாண்டியம்மாள் அந்த வீடியோவை நம்பி மகளுக்கு ரத்தம் ஏற்றுவதை நிறுத்திவிட்டாள். போனையும் எடுக்கவில்லை. "ஜீப்பை எடுங்கண்ணே, வெரசா போவோம்" என்றாள் ஸ்டெல்லா. ஊரடங்கில் வெளியே போக அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். பிள்ளை வெளுத்துப்போய், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பாண்டியம்மாள் வாசலை மறித்தாள். "ஆஸ்பத்திரியில அந்தக் கொரோனா ஒட்டிக்கிட்டா நீயா வந்து என் புள்ளையத் தருவ?"

ஸ்டெல்லா முகக்கவசத்தோடு வெளியிலேயே நின்று, ஊசித் தழும்பு நிறைந்த கையை நீட்டினாள். "இந்தக் கையப் பாருக்கா. போன வாரம்தான் ஏத்துனேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா உடம்புல ரத்தமே இல்லாம இவ எதை வச்சு அந்த நோயோட மல்லுக்கட்டுவா?"

பாண்டியம்மாள் அழுதாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குச் சேரும் வகை ரத்தம் இருப்பு இல்லை. ஸ்டெல்லா போன் செய்ததும் கடைவீதியில் மூட்டை தூக்குபவர்கள் வந்து கொடுத்தார்கள். அந்தப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அடக்கத்தன்று பெட்டியின் அருகிலேயே நின்றிருந்தாள்.

தடுப்பூசி வந்தபோது, நமக்குப் போடலாம் என்று ஒரு இணையதளமும் உயிருக்கு ஆபத்து என்று இன்னொரு தளமும் சொல்லின. எல்லோரும் ஸ்டெல்லாவைக் கேட்டோம். "எனக்குத் தெரியாது. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள். "இத்தனை நாளா எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுன?" என்று ஒருவர் கேலி செய்தார். "தெரிஞ்சதைத்தான் பேசுனேன்" என்று பதில் போட்டாள். டாக்டர் போடலாம் என்றதும் நம் எல்லோருக்கும் முன்னால் தானே போய் வரிசையில் நின்றாள்.

அவள் போன பிறகு, குழுவை மூடிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். மூட மாட்டோம். போன வாரம் எஸ்டேட்டிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு தகப்பன், மூலிகைப் பொடி இந்த நோயை அடியோடு தீர்க்குமாமே என்று ஒரு வீடியோ போட்டிருந்தான். "எனக்குத் தெரியாது தம்பி, டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ரத்தம் ஏத்துறதை நிறுத்தாதே" என்று குரல்பதிவு அனுப்பினேன். கேட்டேன். பொய் என்றார். பொய் என்றே போட்டேன். பொடி விற்பவர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டட்டும். ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம். நம் பிள்ளைகளின் உயிரோடு விளையாடும் செய்தி யாரிடமிருந்து வந்தாலும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், இங்கிருந்து பதில் போகும்.