பின்சீட்டில் பேட்டரி

பழைய பைக்கை எட்டு மாதமாக நானே எலக்ட்ரிக்காக மாற்றி, இன்றுதான் முதன்முதலாக ரோட்டில் இறக்கினேன்.

குத்துக்கல்வலசை பஸ் ஸ்டாப்பில் பையோடு நின்ற ஒருவர் கை காட்டினார். "தம்பி, குத்தாலம் வரைக்கும் விட்டுருதீயளா?"

வண்டியை யாருக்காவது காட்ட மாட்டோமா என்றிருந்த எனக்கு ஒரே சந்தோஷம். "ஏறுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் பின்னால் பார்த்தார். "எங்கன ஏற? சீட்டுல பெட்டில்லா இருக்கு."

"பேட்டரி அண்ணாச்சி."

"அப்ப வீட்ல உள்ளவங்கள எங்கன உக்கார வைப்பீய?"

அவர் பஸ் ஸ்டாப்புக்கே திரும்பிப் போனார்.

மோட்டார், வயர், எடை என்று அத்தனையும் யோசித்தவனுக்கு, பின்னால் ஒருவர் உட்காருவார் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

பேட்டரியை டேங்க் இருந்த இடத்துக்கு மாற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உட்கார ஆள் தேடுவதை நானே பார்த்துக்கொள்கிறேன்.