மாற்றிக்கொண்ட வாக்குத்தத்தம்

"அண்ணி, உங்க தம்பிய நான்தான் கொன்னுட்டேன்."

போன சனிக்கிழமை மதியம், சத்தியவேட்டில், எஸ்தர் என்னிடம் இப்படிச் சொன்னாள். அழவில்லை. சாதத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, குழம்பு ஊத்தட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

எஸ்தர் என் சித்தி மகன் தாவீதின் மனைவி. தாவீது போன மாதம் இறந்துபோனான். ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது நல்ல மழை. விளக்கில்லாமல் ரோட்டில் நின்ற டிராக்டர் மேல் மோதிவிட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ரவிக்கு வலது கை மட்டும் உடைந்தது. இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை, அதனால் ஒரே பைக். ஒரு வாரம் இவன் ஓட்டுவான், மறு வாரம் அவன். அது தாவீதின் வாரம்.

இதில் எஸ்தர் எங்கிருந்து வந்தாள்? அவள் எப்படிக் கொன்றாள்?

எங்கள் சபைகளின் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். அதில் சின்னச் சின்ன அட்டைகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றிலும் ஒரு வேதவசனம். குடும்பத்துக்கு ஒன்று — கண்ணை மூடி, ஜெபம் பண்ணி எடுக்க வேண்டும். கைக்கு எது வருகிறதோ, அதுதான் அந்த வருஷத்துக்கு அந்த வீட்டுக்குக் கடவுள் தரும் வாக்குத்தத்தம். வாசலுக்கு மேலே ஒட்டிவைப்போம். பெண்ணுக்கு வரன் அமைந்தாலும், பையன் பரீட்சையில் பாஸானாலும் அண்ணாந்து பார்த்து, "சொன்னாரே, செஞ்சாரே" என்போம். நானும்தான்... திருப்பதியில் என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இந்த வருஷத்து அட்டை இன்னும் இருக்கிறது.

சத்தியவேடு ஆந்திராவும் தமிழ்நாடும் சேரும் எல்லை ஊர். ஆராதனையில் பாதிப் பாட்டு தெலுங்கு, பாதி தமிழ். தட்டிலும் இரண்டு மொழி அட்டைகளும் கலந்துதான் கிடக்கும். இந்த ஜனவரியில் எஸ்தர் எடுத்தது தெலுங்கு அட்டை. அவள் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள். ஆனால் படித்ததெல்லாம் ஊத்துக்கோட்டைப் பக்கம். தெலுங்கு எழுத்து தெரியாது. ரவியின் மனைவி சுவர்ணாவுக்கு வந்தது தமிழ் அட்டை. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இருவரும் கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அட்டைகளை மாற்றிக்கொண்டார்கள். என்ன வசனம் என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை மாற்றிக்கொள்வோமே, அப்படி.

சுவர்ணா வீட்டுக்குப் போனது வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் ஒரு வரி. உன் பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை எதுவும் நெருங்காது என்று பொருள். எஸ்தர் வீட்டுக்கு வந்தது, இந்த உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் இருக்கிறது என்று இயேசு சொன்னது. தைரியமாயிருங்கள் என்று அது முடியும். ஆனால் துக்க வீட்டில் யார் வசனத்தைக் கடைசிவரை படிக்கிறார்கள்?

"எனக்குன்னு தேவன் குடுத்தத நானே தூக்கிக் குடுத்துட்டேன் அண்ணி. படிக்க வராதுன்னு. யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லிக்கினு வீட்லயே வெச்சிருந்தா, அது இன்னிக்கி உயிரோட இருந்திருக்கும்."

அது என்றால் தாவீது. அவனை அவள் அப்படித்தான் சொல்வாள்.

சிரிக்காதீர்கள். பேதைமை என்று தள்ளிவிடவும் வேண்டாம். காரணமே இல்லாத சாவைத் தாங்குவதைவிட, தன் தப்பால் வந்த சாவைத் தாங்குவது சுலபம் என்று மனசு நினைக்கிறதோ என்னவோ. இந்த ஒரு மாதமாக அவள் தன் மேலேயே வழக்குப் போட்டு, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"பாஸ்டராண்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன். 'எல்லாம் தேவ சித்தம், கேள்வி கேக்கக் கூடாது'ன்ட்டாரு."

அவர் மட்டுமா? நான் இருந்தபோதே சபையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். "தோட்டக்காரரு நல்ல பூவாப் பாத்துதான் மொதல்ல பறிப்பாரு எஸ்தரு" என்றார் ஒருவர். அப்படியானால் செடியில் மிச்சமிருக்கிற நாமெல்லாம் யாராம்? கேட்கலாம் என்று நாக்கு துடித்தது. துக்க வீட்டில் சண்டை எதற்கு என்று காபியைக் குடித்தேன்.

என்னிடமும் பதில்கள் இருக்கின்றன. கடவுள் மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார். விளக்கில்லாமல் டிராக்டரை நிறுத்துவதும் அந்தச் சுதந்திரத்தில் ஒன்று. துன்பம் நம்மைப் புடம் போடுகிறது. இப்போது புரியாதது ஒருநாள் புரியும். மேடையில் இவற்றை நானே பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இவை பொய் என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எஸ்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த இரண்டு பெண்களும் போன பிறகு சுவர்ணா வந்தாள். கையில் அந்தத் தெலுங்கு அட்டை. வாசலிலிருந்து பிய்த்ததில் மூலையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"வதினா, இது உன்னோடது. எங்க வீட்ல வேணாம்."

வதினா என்றால் தெலுங்கில் அண்ணி; எஸ்தரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவர்ணா என்னிடம் சொன்னாள்: "வர்றவங்க எல்லாரும் இத அண்ணாந்து பாத்துட்டு, 'தேவுடு சொன்னபடியே உங்க வீட்டுக்காரரக் காப்பாத்திட்டாரு'ன்றாங்க அக்கா. நாளைக்கு ஆராதனையில எழுந்து, தேவுடு காப்பாத்துனதச் சாட்சியா சொல்லச் சொல்லி பாஸ்டர் இவரக் கேட்டிருக்காரு. இவரு மாட்டேன்றாரு. 'என் பக்கத்துல விழுந்தது தாவீதண்ணன். அத எப்பிடி ஸ்தோத்திரம்னு சொல்றது'ன்னு அழுவுறாரு."

சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிற சங்கீதம் அது. பக்கத்தில் விழுகிற அந்த ஆயிரம் பேரைப் பற்றி ஒருநாளாவது நான் நினைத்திருக்கிறேனா? அவர்களுக்கும் வீடு இருக்கும், வீட்டில் ஒரு எஸ்தர் இருப்பாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தேவாலய உச்சியில் இயேசுவை நிறுத்தி, குதி, உனக்கு ஒன்றும் ஆகாது என்று சாத்தான் எடுத்துக்காட்டியதும் இதே சங்கீதத்தைத்தான். இயேசு குதிக்கவில்லை. அந்த வரிகளை அவர் இன்ஷூரன்ஸாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சிலுவையில் தொங்கும்போது, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவரே கேட்டார். மேலிருந்து பதில் வந்ததாக வேதத்தில் இல்லை. கேள்வி கேட்கக் கூடாது என்று எஸ்தரிடம் எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்?

"அத எடுத்துக்கினு போயிடு சுவர்ணா," என்றாள் எஸ்தர், சுவரைப் பார்த்தபடி. "அது என்னாண்ட இருந்திருந்தா..."

"இருந்திருந்தா? சொல்லு வதினா. எங்க ஆளு போயிருப்பாரா?"

எஸ்தர் இன்னும் சுவர்ப் பக்கம் நகர்ந்துகொண்டாள்.

"நாம செருப்பு போட்டுக்கினே மாத்துனோம். அத வெச்சி, இந்த வீட்டு ஆள எடுக்கறதா அந்த வீட்டு ஆள எடுக்கறதான்னு பாக்குறவரா தேவுடு? அப்பிடி ஒருத்தரா இருந்தா நான் ஏன் அவராண்ட ஜெபம் பண்ணணும்?" சுவர்ணாவின் குரலில் கோபம் இல்லை.

எஸ்தர் மெல்லத் திரும்பினாள். "ரவிக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. நான் அத நெனக்கல சுவர்ணா... சத்தியமா அத நெனக்கவே இல்ல."

அப்புறம் அழ ஆரம்பித்தாள். அடக்கம் ஆன நாளில்கூட அவள் இப்படி அழவில்லை. சுவர்ணா தரையில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். இருவருமாக அழுதார்கள். நானும் அழுதேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? அழுகையினூடே எஸ்தர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "நான் பண்ணல இல்ல? நான் பண்ணல இல்ல சுவர்ணா?" ஒவ்வொரு தடவையும் சுவர்ணா, "நீ பண்ணல வதினா" என்றாள். சலிக்காமல் சொன்னாள்.

அன்று மாலையே கிளம்ப வேண்டியவள், தங்கிவிட்டேன்.

மறுநாள் ஆராதனைக்கு எஸ்தர் என்னுடன் வந்தாள். தாவீது போனதற்குப் பிறகு அன்றுதான் வருகிறாள். ஆண்கள் பக்கத்தில் ரவி, உடைந்த கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி. சாட்சி நேரம் வந்தது. பாஸ்டர் அவன் பெயரைச் சொன்னார். எழமாட்டான் என்றுதான் நினைத்தேன். எழுந்தான். மைக்கை வாங்கவில்லை.

"நான் உயிரோட இருக்கேன். தாவீதண்ணன் இல்ல," என்றான். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டான். "ஏன்னு எனக்குத் தெரியல. தேவுடு கிட்ட கேட்டுக்கினே இருக்கேன்."

உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான் சாட்சி.

வழக்கமாகச் சாட்சி முடிந்ததும் அல்லேலூயா கூரையைப் பிய்க்கும். அன்று மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பக்கத்திலிருந்து, தெளிவாக, ஒரே ஒரு குரல்.

"ஆமென்."

எஸ்தர்தான்.

பாஸ்டர் வாயைத் திறந்தார், எஸ்தரைப் பார்த்தார், விளக்கம் எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டார் — அதற்காக அவருக்கு என் மனமார்ந்த ஸ்தோத்திரம்.