ஸ்டானிஸ்லாஸின் சொந்த வீடு

மஸ்கட்டில் ஒன்பது வருடம் வெல்டிங் ஃபோர்மேனாக இருந்துவிட்டு, கொரோனா காலத்து விமானத்தில் ராயபுரம் திரும்பிய ஸ்டானிஸ்லாஸுக்குப் பொய் சொல்ல வராது. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தான். காத்திவாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, "வூடு சொந்தமா, வாடகையா?" என்று ஐரீனின் அப்பா கேட்க, "சொந்தம்" என்றுவிட்டான். உண்மையில் அது கோயில் வீடு, சர்ச்சுக்குச் சொந்தமானது. மாதாமாதம் பங்கு அலுவலகத்தில் வாடகை கட்ட வேண்டும். கல்யாணம் முடிந்து விமானம் ஏறும்போது, ஐரீனுக்குத் தெரியாமல் வாடகை கட்டும் வேலையைத் தோஸ்து நெல்சனிடம் ஒப்படைத்தான். ஊர் திரும்பிய பிறகும் மாதாமாதம் வாடகைப் பணம் நெல்சன் கைக்கே போனது.

இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். திருவொற்றியூரில் ஒரு ஃப்ளாட்டைப் பேசி முடித்து, வங்கியில் கடனும் கேட்டிருந்தான். 2022 மார்ச் முடிவதற்குள் கடன் ஒப்புதலாகிவிட்டால், முதல் வீடு வாங்குகிறவர்களுக்கான வருமான வரிச் சலுகை உண்டு. அதை நம்பித்தான் தவணைக்கே துணிந்திருந்தான்.

ஆடிட்டர் தாமோதரன் காகிதங்களைப் புரட்டினார். "எல்லாம் சரியா இருக்கு. கடன் ஒப்புதலாகிற அன்னிக்கு உங்க பேர்ல வேற வீடு இருக்கக்கூடாது. இருக்கா?"

பக்கத்து நாற்காலியில் ஐரீன். ஸ்டானிஸ்லாஸ் மின்விசிறியைப் பார்த்தான்.

"ராயபுரத்துல ஒண்ணு கீது சார்."

"அப்ப சலுகை கிடைக்காதே." தாமோதரன் பேனாவை மூடினார்.

"தொறங்க சார்," என்றாள் ஐரீன். "இவருக்கு ஒரு வூடும் கெடையாது. நாங்க கீறது கோயில் வூடு."

ஸ்டானிஸ்லாஸ் அவள் பக்கம் திரும்பினான். "உனுக்கு யாரு சொன்னது?"

"நெல்சன் அண்ணன்தான். ரெண்டாவது மாசமே பணத்த என் கையில குடுத்து, 'நீயே கட்டிக்கம்மா, எனக்கு பேஜாரா கீது'ன்னுட்டாரு. இத்தினி வருசமா நான்தான் கட்டிகினு கீறேன்."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"போன்ல சொந்த வூட்டப் பத்தி அவ்ளோ பெருமையாப் பேசுவியே, கெடுக்க மனசு வரல."

தாமோதரன் சிரிப்பை இருமலாக்கினார்.

"புது வூட்டுப் பத்திரத்துல என் பேரும் போடணும் சார்," என்றாள் ஐரீன். "நானும் ஸ்கூல்ல சம்பளம் வாங்குறேன்."

"கடன்லயும் சேர்ந்துக்கங்க, சலுகையில உங்களுக்கும் பங்கு உண்டு," என்றார் அவர்.

ஸ்டானிஸ்லாஸ் பேனாவை வாங்கினான். தன் பெயரில் எங்கும் வீடில்லை என்று, கல்யாணமான நாளிலிருந்து இல்லாத நிம்மதியோடு, எழுதிக் கையெழுத்துப் போட்டான்.