அண்ணிக்கு எதிரான ஜெபம்

என் அண்ணிக்குச் சபையில் வைத்த பெயர் அலாரம். நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபப்பட மாட்டாள். துணிகளை ஆளுக்கேற்றபடி பிரித்துத் தைத்துக் கொடுப்பது அவள் தொழில். கடைக்குள் போனால் இடுப்பைச் சுற்றி இஞ்சு டேப், ஓரமெல்லாம் குண்டூசி. அசைந்தால் குத்தும். அந்த நேரம் பார்த்து, மீதி ஊசிகளை உதட்டில் கடித்தபடியே கேட்பாள்: "மிஷனரிகளுக்காக இன்னைக்கு ஜெபம் பண்ணீங்களா?" இல்லை என்றால் நின்ற இடத்திலேயே கண்ணை மூடவேண்டியதுதான். பேண்ட் நீளம் குறைக்கப் போன எங்கள் போதகரே அப்படி மாட்டிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

அவளுக்கு ஒரே மகன். என் அண்ணன் போய்ச் சேர்ந்த மறு வருஷமே அவன் மிஷனரியாகக் கிளம்பிவிட்டான். எங்கோ தொலைவில், ஓர் ஆற்றுக்கு அப்பால் காட்டை ஒட்டி ஒரு கிராமம். பிள்ளைகளுக்குப் பாடம், நோயாளிகளுக்கு மருந்து. வழியனுப்பும் ஆராதனையில் அண்ணி கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சபையே மெச்சியது. எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. அழவேண்டிய இடத்தில் அழாதவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே சந்தேகம்.

ஞாயிறு ஆராதனை முடியும் நேரம் அவன் ஒரு மேட்டில் ஏறி நின்று போன் செய்வான். எல்லோரும் கேட்கும்படி போதகர் அதை மைக்கில் வைப்பார். ஒரு படகு வேண்டும் என்றான். ஜெபித்தோம், கிடைத்தது. அடுத்த வாரமே படகு ஆற்றோடு போயிருந்தது. "கயிறு அறுந்து போகல. முடிச்சு முடிச்சா அவிழ்த்திருக்கு. கயித்தைச் சுருட்டிக் கரையில வச்சிருக்கு" என்றான். பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டோம். அதுவும் வந்தது, அதுவும் ஒரே ராத்திரியில் இறங்கியது. தகடுகளை அடுக்கி, பக்கத்தில் ஆணிகளை வரிசையாக வைத்திருந்ததாம். ஒரு ஆணிகூட வளையவில்லையாம்.

திருடன் என்றார் போதகர். எந்தத் திருடன் ஆணியை அடுக்கிவைத்துவிட்டுப் போவான்? அண்ணி தையல் பிரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். துணி கிழியாது, நூல் அறாது. பிரித்த நூலையும் ஒரு ஓரமாக வரிசையாக வைப்பாள். சீ, என்ன நினைப்பு இது என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவன் குரல் தாழ்ந்திருந்தது. "இங்க சனங்க ஒரு பொம்பளையப் பாத்தாங்களாம். முதுகைக் காட்டிக்கிட்டே உக்காந்திருப்பாளாம். கிட்டப் போய்ப் பாத்த ஒருத்தர், வாயில ஊசி மாதிரி என்னமோ கடிச்சிருக்கான்னு சொல்றார். இப்ப ஆத்து மேல இருக்கற தொங்குபாலத்துல உக்கார ஆரம்பிச்சிருக்கா. நாங்க கட்டக் கட்ட முடிச்செல்லாம் அவிழுது. பிள்ளைங்க தினமும் அதுலதான் வரணும். நானும் அதுலதான் போகணும்."

நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் விரல்கள் மடியில் எதையோ பிரித்துக்கொண்டிருந்தன. மடியில் ஒன்றுமே இல்லை.

கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனேன். "அண்ணி, நீங்க என்னன்னு ஜெபம் பண்றீங்க?"

அவள் மறைக்கவில்லை. "அங்க எல்லாம் பிரிஞ்சு போகணும், அவன் வீட்டுக்கு வந்துடணும்னு. அவன் போன நாள்லேர்ந்து அது ஒண்ணுதான்."

"அப்ப எங்க எல்லார் உயிரையும் எடுக்கறீங்களே, அது எதுக்கு?"

"நீங்களாவது சரியா பண்ணுவீங்கன்னுதான்."

ஊருக்குத்தான் உபதேசமா என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பெத்த மனம் பித்து என்பது தெரியாதா எனக்கு? "பாலம் அவிழணும்னு நான் கேக்கலடி" என்று என் கையை இறுகப் பிடித்தாள். "வேற மாதிரி கேக்கலாம்னு பாத்தா நாக்கு புரள மாட்டேங்குது." அவள் கை சில்லென்று ஈரமாக இருந்தது. ஆற்று மண் வாசனை அடித்தது. எங்கள் ஊரில் ஆறே கிடையாது.

அவளே உள்ளே போய் மைக்கை வாங்கினாள். "அந்தப் பொம்பளை நான்தான்னு நினைக்கிறேன்" என்றாள். முன்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். "அவன் வந்துடணும்னு கேக்கறேன். என்னால நிறுத்த முடியல. நீங்க எல்லாரும் எனக்கு எதிரா ஜெபம் பண்ணுங்க. உதட்டளவுல பண்ணினீங்கன்னா நான் ஜெயிச்சுடுவேன். எனக்கு ஒரே பிள்ளை. நான் ரொம்ப பலமா கேப்பேன்."

அந்த வாரம் சபை ஜெபித்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. தூங்குமூஞ்சிகள்கூட விடிவதற்குள் வந்து முழங்காலில் நின்றார்கள். அண்ணி கடையைப் பூட்டிவிட்டுக் கட்டிலில் கிடந்தாள். விரல்கள் மட்டும் பிரித்துக்கொண்டே இருந்தன. நான் இரண்டு கையையும் அழுத்திப் பிடித்தேன். என்னில் பாதி இருப்பாள், ஆனால் என்னால் அடக்க முடியவில்லை. எனக்கு அவளைக் கண்டே பயமாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கைகள் தாமாகவே ஓய்ந்தன.

மறுநாள் போன் வந்தது. பாலம் இறுகி நிற்கிறதாம். அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லையாம். ஸ்தோத்திரம் என்று ஆலயமே முழங்கியது. அது அடங்கியதும் அவன், ஊரே கேட்கிறது என்பதை மறந்தவனாக, "அம்மா, நான் ரொம்பக் களைச்சுட்டேன். வீட்டுக்கு வந்துடட்டுமா?" என்றான்.

எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். இத்தனை நாள் கேட்டது கைக்கு வந்துவிட்டது. வா என்று ஒரு வார்த்தை போதும். சொல்லிவிடுங்கள் அண்ணி என்று நானே மனதுக்குள் கெஞ்சினேன், சபைக்கு விரோதமாக.

"பிள்ளைங்க பாலத்துல வர்றாங்களா?" என்று கேட்டாள்.

"வர்றாங்கம்மா."

"அப்ப அங்கேயே இரு, கண்ணு."

போனை அவளே அணைத்தாள். ஆமென் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.